விசா கையில் இருக்கிறது, ரிட்டர்ன் டிக்கெட் இல்லை: விமானத்தில் ஏற்ற மறுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு இது முதல் பிரசவம், கூட இருப்பதற்காக அம்மாவுக்கு விசிட் விசா எடுத்தோம். குழந்தை பிறந்து எத்தனை நாள் இருக்க வேண்டி வரும் என்று தெரியாததால் போவதற்கு மட்டும் டிக்கெட் போட்டேன். செக்-இன் கவுண்டரில் ரிட்டர்ன் டிக்கெட் எங்கே என்று கேட்டார்கள், இல்லை என்றதும் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஒரு நாட்டுத் தூதரகமே விசா கொடுத்த பிறகு இதைக் கேட்க ஏர்லைன்ஸுக்கு என்ன அதிகாரம்? டிராவல் ஏஜென்ட் ஒருவர், கொஞ்சம் பணம் கொடுத்தால் டம்மி டிக்கெட் அடித்துத் தருகிறேன், கவுண்டரில் அதைக் காட்டினால் போதும் என்கிறார். வாங்கலாமா? போன டிக்கெட் பணத்துக்கு வழக்குப் போட முடியுமா?

பதில்: அந்த டம்மி டிக்கெட்டை வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன். நான் எழுதியதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஏஜென்டுக்குப் பணம் போய்விடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சரி, விசாவுக்கு வருவோம். விசா கிடைத்துவிட்டால் உள்ளே போகும் உரிமை கிடைத்துவிட்டது என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்க விசா, அந்த நாட்டின் வாசல் வரை போய் என்னை உள்ளே விடுங்கள் என்று கேட்பதற்கான அனுமதிதான், விடுவதும் விடாததும் அங்கே உட்கார்ந்திருக்கும் குடியேற்ற அதிகாரியின் முடிவு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசா விதித்தொகுப்பு (2009) இதை 30-ஆவது பிரிவில் பட்டவர்த்தனமாகவே எழுதி வைத்திருக்கிறது: விசா வைத்திருப்பதால் மட்டும் தானாக நுழையும் உரிமை வந்துவிடாது. ஆகவே, தூதரகத்தில் ஒருமுறை காட்டியதை வாசலில் மறுபடியும் காட்டச் சொன்னால் அது அத்துமீறல் ஆகாது.

வாசலில் கேட்கப்படும் உண்மையான கேள்வி டிக்கெட் பற்றியது அல்ல. இவர் எதற்காக வருகிறார், இருக்கும் நாட்களுக்கும் திரும்பிப் போவதற்கும் பணம் இருக்கிறதா, அனுமதித்த காலத்துக்குள் கிளம்பிவிடுவாரா, இவைதான் கேள்விகள். ரிட்டர்ன் டிக்கெட் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு சாட்சி, நல்ல சாட்சி, ஆனால் பல நாடுகளில் அது மட்டுமே ஏற்கப்படும் சாட்சி என்று சட்டம் சொல்லவில்லை. ஷெங்கன் எல்லைச் சட்டத்தின் (2016) 6-ஆவது பிரிவு, தங்குவதற்கும் சொந்த நாடு திரும்புவதற்கும் போதிய பணவசதி வேண்டும் என்கிறது. எந்தெந்த ஆவணங்களைக் கேட்கலாம் என்று அதன் இணைப்பில் ஒரு பட்டியல் உண்டு, ரிட்டர்ன் டிக்கெட் அதில் வருகிறது. பிரிட்டனின் விசிட்டர் விதிகள், வருபவர் உண்மையான பார்வையாளராக இருக்க வேண்டும், காலம் முடிந்ததும் கிளம்ப வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்கின்றனவே தவிர ரிட்டர்ன் டிக்கெட் கட்டாயம் என்று சொல்வதில்லை. கனடா சட்டமும் ஏறக்குறைய அதே வழிதான். நியூஸிலாந்து இன்னும் தெளிவு: வெளியேறுவதற்கான டிக்கெட், அல்லது அதை வாங்கப் போதுமான பணம், இரண்டில் ஒன்றைக் காட்டினால் சரி.

விசா இல்லாமல் போகிறவர்களுக்கும் போய் இறங்கிய பிறகு விசா வாங்குகிறவர்களுக்கும்தான் விதி கெடுபிடியாக இருக்கும். யாரும் முன்கூட்டியே அவர்களைத் தூதரகத்தில் உட்காரவைத்து விசாரித்திருக்க மாட்டார்கள் இல்லையா, அதனால் டிக்கெட்டையே பிடித்துக்கொள்கிறார்கள். விசா விலக்கில் அமெரிக்கா போகும் நாட்டவர்களுக்கு ரிட்டர்ன் அல்லது அடுத்த நாட்டுக்கான டிக்கெட் சட்டப்படி கட்டாயம். முறையாக விசிட்டர் விசா எடுத்துப் போகிறவருக்கு அதே அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. விசா இல்லாமல் பிலிப்பைன்ஸ் போகிறவரிடமும், வந்திறங்கி விசா வாங்கும் முறையில் இந்தோனேசியா போகிறவரிடமும் வெளியேறும் டிக்கெட் கேட்பார்கள். வேலை விசா, நிரந்தரக் குடியேற்ற விசா வைத்திருப்பவர்கள் ஒன்வே டிக்கெட்டில் போவது இயல்பான விஷயம், அவர்கள் பொதுவாக இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

உங்கள் அம்மா எந்த நாட்டுக்குப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் இத்தனை நாடுகளைத் தொட வேண்டியிருந்தது.

இப்போது ஏர்லைன்ஸ். எல்லையில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு, அழைத்து வந்த விமான நிறுவனத்துடையது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 9-ஆவது இணைப்பு இப்படித்தான் சொல்கிறது. பயணிகளிடம் தேவையான ஆவணங்கள் இருக்கின்றனவா என்று ஏறும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பதும் அதே இணைப்பில் இருக்கிறது. பாஸ்போர்ட்டோ விசாவோ சரியில்லாத ஆளை ஏற்றி வந்தால் அபராதமும் உண்டு, பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைக்கு 2,000 பவுண்டு. இதனால் எல்லையில் நடக்க வேண்டிய விசாரணையில் பாதி நம் ஊர் கவுண்டரிலேயே நடந்துவிடுகிறது. அந்தக் கவுண்டரில் இருப்பவர் சட்டம் படித்தவர் இல்லை, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும், அவர் முன்னால் டைமேட்டிக் என்ற தகவல் தளத்தின் திரை இருக்கும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறார், என்ன விசா என்று தட்டினால் என்னென்ன வேண்டும் என்று அது காட்டும். திரையில் ரிட்டர்ன் டிக்கெட் என்று இருந்தால் அவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் விசா இல்லாதவருக்கான வரியைப் படித்துவிட்டு விசா இருப்பவரிடம் கேட்பதும் நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அப்போது குரலை உயர்த்தாமல், மேற்பார்வையாளரை அழைத்து, இவரிடம் ஏற்கெனவே விசா இருக்கிறது, அந்த வகைக்குத் திரையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள் என்று கேளுங்கள். அம்மா தனியாகப் போகும்போது இதைக் கேட்க அவருக்குத் தோன்றாது, வாயும் வராது, அதனால் நீங்கள் பக்கத்தில் இருப்பது முக்கியம்.

இனி டம்மி டிக்கெட். இந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, உண்மையான முன்பதிவு, ஆனால் பணம் கட்டாதது. ஆறு எழுத்தில் ஒரு பிஎன்ஆர் கிடைக்கும், ஏர்லைன்ஸ் இணையதளத்தில் போட்டால் பெயரும் தேதியும் வரும். பணம் கட்டாவிட்டால் ஓரிரு நாளில் தானாக ரத்தாகிவிடும். விசா விண்ணப்பத்தோடு இப்படி ஒரு முன்பதிவை வைப்பதில் தப்பில்லை, ஷெங்கன் விசாவுக்கே முன்பதிவு இருந்தால் போதும் என்றுதான் விதி. இரண்டாவது, கணினியில் யாரோ ஒருவர் ஒட்டி வெட்டிச் செய்த காகிதம், அதில் இருக்கும் விமானம் நிஜம், பயணி மட்டும் அந்த விமானத்தில் இல்லை. அது போலி ஆவணம். அம்மா கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, தெரியாமல் வைத்திருந்தார் என்று பிறகு நாம் சொன்னால் யார் கேட்பார்கள்?

என்னிடம் வந்த ஒரு வழக்கில் டம்மி டிக்கெட் முதல் வகைதான், உண்மையான முன்பதிவு. வாங்கியது வியாழக்கிழமை, பயணம் ஞாயிறு இரவு. கவுண்டரில் பிஎன்ஆரைத் தட்டினார்கள், ரத்து என்று வந்தது. அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் அதன் பிறகு வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தார், வேலை என்ன, வங்கியில் எவ்வளவு, விசா எப்படி வாங்கினீர்கள் என்று. அந்தப் பயணி நியாயமானவர், திரும்பி வரும் எண்ணம் உள்ளவர், பணமும் வைத்திருந்தார். அந்தக் காகிதத்தைக் காட்டாமல் வங்கிக் கணக்கை மட்டும் காட்டியிருந்தால் போயிருப்பார் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அவருக்கு ஒரு பயணத்தோடு போயிற்று. எல்லையில் போலி ஆவணம் பிடிபட்டால் விலை இன்னும் பெரிது. பொய்யான தகவல் கொடுத்து நுழையப் பார்த்தார் என்று அமெரிக்கா முடிவு செய்தால் காலவரையின்றித் தடை, விலக்கு வாங்கினால்தான் மறுபடி போக முடியும். கனடாவில் 5 ஆண்டு. பிரிட்டனில் விசா விண்ணப்பத்தில் ஏமாற்றினார் என்று ஆனால் 10 ஆண்டு வரை. முதல் பேரக்குழந்தையைப் பார்க்கக் கிளம்பிய ஒரு பாட்டிக்கு இதெல்லாம் தேவையா?

அப்படியானால் என்ன செய்வது? பணம் திரும்பக் கிடைக்கும் வகையில், அல்லது தேதி மாற்றிக்கொள்ளும் வகையில், நிஜமான ரிட்டர்ன் டிக்கெட் ஒன்று வாங்குங்கள். போவது ஒரு ஏர்லைன்ஸ், வருவது வேறு ஏர்லைன்ஸ் என்றாலும் பரவாயில்லை. வாங்கியதும் பிஎன்ஆர் வந்துவிட்டது என்று திருப்தியடைந்துவிடாதீர்கள், 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண் வந்தால்தான் டிக்கெட் உண்மையில் போடப்பட்டிருக்கிறது, அதுவரை அது வெறும் முன்பதிவு. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் என்று எழுதியிருந்தாலும் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்று நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ போகும் விமானமாக இருந்து, புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது ஏர்லைன்ஸிடம் நேரடியாக வாங்கினால், வாங்கிய 24 மணி நேரத்துக்குள் முழுப்பணத்தோடு ரத்து செய்யவோ, அல்லது பணம் கட்டாமல் 24 மணி நேரம் பிடித்து வைக்கவோ அந்நாட்டு விதி இடம் தருகிறது.

தேதியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ரிட்டர்ன் தேதியை விசா முடியும் தேதியை வைத்துப் போடாதீர்கள், தங்க அனுமதித்த நாட்களை வைத்துப் போடுங்கள். ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது ஒரு வரி, எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொரு வரி. முதல் வரி நான்கு மாதம் காட்டும், இரண்டாவது வரி 60 என்று இருக்கும், அந்த 60 தான் கணக்கு. எத்தனை தடவை போனாலும் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள்தான் உச்சம். அமெரிக்க விசா 10 வருடம் செல்லும் என்றாலும் ஒவ்வொரு முறையும் எதுவரை இருக்கலாம் என்பதை இறங்கும்போது அதிகாரிதான் முடிவு செய்கிறார், பெரும்பாலும் 6 மாதம். எட்டாவது மாதத்தில் ரிட்டர்ன் டிக்கெட் போட்டுக்கொண்டு போய் நிற்பது, டிக்கெட்டே இல்லாமல் போவதைவிட மோசம், அளவுக்கு மீறித் தங்கும் திட்டம் இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. பிரசவம் தள்ளிப்போனால் அனுமதித்த நாட்களுக்குள் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அதற்கும் மேல் தேவைப்பட்டால் காலம் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளில் அது தகுந்த காரணம் இல்லாமல் கிடைக்காது.

திரும்பி வராமல் அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்குப் போகிற டிக்கெட்டையும் பல நாடுகள் ஏற்கும். ஆனால் அந்த மூன்றாவது நாட்டுக்குள் போக அம்மாவுக்கு அனுமதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த டிக்கெட்டால் பயன் இல்லை.

கடைசியாக இழப்பீடு. இது நீங்கள் ஏறிய இடத்தையும் ஏர்லைன்ஸையும் பொறுத்தது. பயண ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனைகளில் பொதுவாக எல்லா நிறுவனங்களும் எழுதி வைத்திருக்கின்றன, அதனால் போகும் நாடு டிக்கெட்டைக் கட்டாயம் கேட்கிறது என்றால் உங்களுக்கு வழக்கு இல்லை, இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் கேட்காத நாடு, தவறாகப் புரிந்துகொண்டு மறுத்தார்கள் என்றால் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானங்களுக்கும், அந்த ஒன்றியத்து நிறுவனங்கள் அங்கே கொண்டுபோகும் விமானங்களுக்கும் பொருந்தும் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் விதிப்படி, ஆவணம் சரியில்லை என்று ஏர்லைன்ஸ் சொல்லிவிட்டால் மட்டும் பயணியின் உரிமை போய்விடாது, மறுத்தது நியாயமா என்று நீதிமன்றம் பார்க்கும் என 2020-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த விதி பொருந்தாத இடத்தில் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். எங்கே போனாலும் ஒரே கேள்விதான் வரும்: எதற்காக மறுத்தார்கள் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? ஆகவே இன்றைக்கே ஏர்லைன்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்த விதியின் கீழ் மறுத்தீர்கள் என்று காரணம் கேளுங்கள். டிக்கெட்டில் வரிப்பகுதியாவது திரும்பக் கிடைக்குமா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள், பயணம் செய்யாத டிக்கெட்டில் அது பெரும்பாலும் கிடைக்கும், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

அடுத்த முறை அம்மாவின் கைப்பையில் ஒரு கோப்பு இருக்கட்டும். ரிட்டர்ன் டிக்கெட், தங்கையின் அழைப்புக் கடிதம், அவருடைய வீட்டு முகவரி, தொலைபேசி எண், வசிப்பு அனுமதியின் நகல், மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், இவை எல்லாமே காகிதத்தில், போனில் மட்டும் வேண்டாம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், மகளுக்குப் பிரசவம், கூட இருந்துவிட்டு இந்தத் தேதியில் திரும்புகிறேன் என்று உள்ளதைச் சொல்லட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட வேண்டாம், வேலை என்ற சொல்லுக்கு அந்தக் கவுண்டரில் வேறு அர்த்தம். மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். போர்டிங் பாஸ் அம்மாவின் கைக்கு வந்து, இமிக்ரேஷனைத் தாண்டிவிட்டேன் என்று அவர் போன் செய்யும்வரை நீங்கள் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.