கறுப்பு புல்லட்டும் ராத்திரி வெளிச்சமும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என்னிடம் இருப்பது கறுப்பு புல்லட் 350. திருநெல்வேலியில் கொக்கிரகுளம் ஆற்றங்கரையிலும் ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தளத்திலும் நிறுத்தி, ராத்திரியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கிறேன். டேங்க் இருட்டோடு இருட்டாகப் போய்விடுகிறது. சைலன்சர் மட்டும் வெள்ளையாக எரிகிறது. கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படமெங்கும் ஒரே புள்ளி. பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் போட்டும் சைலன்சர் அடங்கவில்லை. விலை கூடின லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

லென்ஸ் வேண்டாம். ஆடாத ட்ரைபாட் ஒன்று, சார்ஜ் ஏற்றிக்கொள்கிற இரண்டடி எல்.இ.டி. ட்யூப் லைட் ஒன்று, அதன்மேல் சுற்ற பட்டர் பேப்பர். இவ்வளவு போதும்.

பளபளக்கிற கறுப்புப் பெயின்ட்மேல் எவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டினாலும் அது வெளுக்காது. கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருட்டென்றால் டேங்கும் இருட்டு. டார்ச் அடித்தால் டேங்கில் ஒரு பொட்டு விழும். நீளமான விளக்கைக் காட்டினால் நீளமாக ஒரு கோடு விழும். கறுப்பு வெள்ளையில் அந்தக் கோடுதான் வண்டி.

கேமராவை வண்டியிலிருந்து நாலு மீட்டர் தள்ளி, எஞ்சின் உயரத்தில் வையுங்கள். டேங்க் எம்பளத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கை ஆட்டத்தைச் சரிசெய்கிற ஸ்டெபிலைசரை அணையுங்கள். ரா ஃபார்மட், ஐ.எஸ்.ஓ. 200, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 20 விநாடி, இரண்டு விநாடி டைமர். இது தொடக்கம்தான், தெரு வெளிச்சத்தைப் பார்த்து விநாடியைக் கூட்டிக் குறையுங்கள்.

ஷட்டர் திறந்ததும் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று, ட்யூப் லைட்டை டேங்குக்கு மேலே, ஃப்ரேமுக்கு வெளியே பிடித்து, ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரை ஏழெட்டு விநாடியில் நடந்துவிடுங்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். விளக்கின் முகம் கேமராப் பக்கம் திரும்பினால் படத்தின் குறுக்கே கீறல் விழும். எந்த உயரத்தில் பிடித்தால் கோடு டேங்கின் விளிம்பில் சரியாக உட்காருகிறது என்று, ஒரு கூட்டாளியை விளக்கோடு நிற்கவைத்து, நீங்கள் கேமரா வழியாக முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் துடுப்புகளுக்குப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக இரண்டு விநாடி. ஸ்போக்குகளுக்குச் சக்கரத்தின் பின்னாலிருந்து இன்னொரு இரண்டு விநாடி. எல்லாம் ஒரே படத்தில் அமைவது அபூர்வம். ட்ரைபாடைத் தொடாமல் தனித்தனியாக நாலைந்து எடுத்து, கம்ப்யூட்டரில் 'லைட்டன்' முறையில் (ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் கூடின படமே தெரியும்) அடுக்குங்கள்.

சைலன்சர் விஷயத்தில் போலரைசரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயின்ட், கண்ணாடி, தண்ணீர் இவற்றின் பளபளப்பை அது குறைக்கும். உலோகத்தின் பளபளப்பு அதற்குக் கட்டுப்படாது. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றதுதான் மிச்சம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). கழற்றிவிடுங்கள். வளைந்த குரோமில் தெருவே தெரியும். எந்தத் தெருவிளக்கு அதில் எரிகிறதோ அதைக் கறுப்புக் குடையால் மறைக்கலாம், அல்லது வண்டியைப் பத்து டிகிரி திருப்பலாம். வெள்ளை வேட்டியோடு போகாதீர்கள், சைலன்சரில் நீங்கள்தான் நிற்பீர்கள்.

புள்ளிகளுக்கு ஐ.எஸ்.ஓ. மட்டும் காரணமாக இருக்காது. மஞ்சள் சோடியம் விளக்கில் நீலம் கிட்டத்தட்ட இல்லை. கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீல ஸ்லைடரை ஏற்றினால் வெறும் புள்ளிகளைத்தான் ஏற்றுகிறீர்கள். சிவப்பு, பச்சையிலிருந்து மட்டும் எடுங்கள். கோவில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டை உங்கள் வண்டிக்கு நல்ல பின்னணி. வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கென்றால் சிவப்பு ஸ்லைடரை இறக்கியதும் காவி கறுத்துப் பட்டை எழும்பும், ஏற்றினால் சுவர் வெளுத்து வண்டி தனியே நிற்கும். சோடியம் வெளிச்சத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

ஹெட்லைட் எரியவேண்டுமென்றால் 20 விநாடியும் எரியவிடாதீர்கள், ஒரு விநாடி போதும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டியில் அதை அணைக்க சுவிட்ச் கிடையாது, ஆகவே ஹெட்லைட்மேல் கறுப்புத் துணியைப் போட்டு, அந்த ஒரு விநாடிக்கு மட்டும் விலக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டால் ஒற்றை சிலிண்டர் அதிர்வில் கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் கலங்கிப்போகும். சாரல் மாதக் காற்றுக்கும் அதே கதிதான். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்பது அழகு என்பது என் கட்சி, ஆனாலும் காற்றடித்தால் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஆற்றங்கரையில் ட்ரைபாட் கால் மணலில் இறங்கும், அடியில் ஓட்டுத்துண்டு வையுங்கள். தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் டயருக்கும் உருவம் கிடைக்கும்.

ஈரடுக்குப் பாலத்தை விட்டுவிடுங்கள். மேலே பஸ் போனால் பாலம் அதிரும், நீண்ட எக்ஸ்போஷருக்கு அந்த அதிர்வே எமன். அதோடு கீழ்த்தளம் டூவீலர் போகிற வழி. ஆற்றங்கரைக்குப் போகுமுன் ரோந்துக் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. நடுராத்திரியில் ட்யூப் லைட்டோடு புல்லட்டைச் சுற்றிச்சுற்றி வருகிற ஆளை யார் பார்த்தாலும் வேறு ஏதோ நடக்கிறதென்றுதான் நினைப்பார்கள்.