திறக்க மறுக்கும் மூடிகளும் வலுக்குறைந்த கைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு 63 வயது, முடக்குவாதத்திற்கு மருந்து உட்கொள்கிறேன். புதிய ஜாம் பாட்டிலைத் திறக்க மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறேன். மூடியை வெந்நீரில் காட்டினால் போதுமா?

பதில்: வெந்நீர் ஓரளவு உதவும். ஆனால் உங்களுக்கு எதிராக நிற்பது திருகின் இறுக்கம் மட்டுமன்று. சூடாக நிரப்பி மூடப்பட்ட பாட்டில் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்துவிடுவதால், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. 7 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 38 சதுர செ.மீ.; உள்ளழுத்தம் பாதியாகக் குறைந்திருந்தால், அதன்மேல் சுமார் 19 கிலோ எடை அமர்ந்திருப்பதற்குச் சமம். எனவே முதலில் காற்றை உள்ளே விடுங்கள். தேக்கரண்டியின் முனையை மூடி விளிம்பின் அடியில் கொடுத்து மெல்ல நெம்பினால், 'டப்' என்ற ஓசையுடன் மூடியின் நடுப்பகுதி மேலெழும். பிறகு பாட்டிலை ஈரத்துணியின் மேல் நிறுத்தி, மூடியின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்து, விரல்களுக்கு வேலை கொடுக்காமல் தோளாலும் உடல் எடையாலும் திருப்புங்கள். பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறை அணிந்தால் வழுக்காது. கதவிடுக்கில் செருகித் திருகும் பழக்கத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் தயவுசெய்து காட்டாதீர்கள்.

கேள்வி: மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கும்போது கட்டைவிரலின் அடியில் சுரீரென்று வலிக்கிறது. ஒரு வாரத்திற்கு உரியவற்றை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வலிக்குக் காரணம் உண்டு. விரல்நுனியில் 1 கிலோ விசையுடன் கிள்ளினால், கட்டைவிரலின் அடிமூட்டில் அது ஏறத்தாழ 12 கிலோவாகப் பெருகுகிறது. அங்கே தேய்மானம் இருப்பவருக்கு ஒவ்வொரு மாத்திரையும் ஒரு தண்டனைதான். அட்டையை ஒரு சிறு கிண்ணத்தின் வாயில் கவிழ்த்து வைத்து, கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் அழுத்தினால் மாத்திரை கிண்ணத்தில் விழும். இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையைக் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டித் திறப்பதே எளிது. தையல்காரர் நூல் வெட்டப் பயன்படுத்தும், தானே விரியும் சிறு கத்தரி, விரல் வளையம் இல்லாததால் பலருக்கு ஒத்துவருகிறது.

முன்கூட்டியே பிரித்து வைப்பதை மருந்தாளுநரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். வலிப்புக்குத் தரப்படும் சோடியம் வால்புரோவேட் போன்றவை ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். அட்டையை ஒற்றை ஒற்றை மாத்திரையாக வெட்டி வைப்பதும் ஆபத்தானது. அவசரத்தில் உறையோடு விழுங்கி, அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழித்த நிகழ்வுகள் உண்டு. இதற்காகவே ஜப்பானில் 1996 முதல், ஒரு திசையில் மட்டும் பிரியும் வகையில் அட்டைகளைத் தயாரிக்கிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே மருந்துக் குப்பியின் மூடி எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: அது பழுதன்று. குழந்தைகள் திறந்துவிடாதிருக்க 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இரட்டை மூடி அது. அழுத்திக்கொண்டே திருகினால்தான் உள்மூடியின் பற்கள் கவ்வும். அழுத்தவும் திருகவும் ஒரே சமயத்தில் கைக்கு வலுவில்லாவிட்டால், மருந்தகத்தில் சாதாரண மூடி போட்டுத் தரும்படி கேட்கலாம். மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளுக்கு அச்சட்டமே அதை அனுமதிக்கிறது. பேரக்குழந்தைகள் இருந்தால் குப்பியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: ஷாம்பு, சாஸ் பொட்டலங்களைப் பல்லால் கடிக்கிறேன். தவறா?

பதில்: கட்டுப்பல் உடைந்தால் செலவு சாஸைவிடப் பெரிது. விளிம்பில் வெட்டு இல்லாத பிளாஸ்டிக் தாள் எவ்வளவு இழுத்தாலும் நீளுமே தவிரக் கிழியாது. கத்தரிக்கோலைச் சமையலறை ஆணியிலும் குளியலறை வெளியிலும் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: இப்படித் தயாரிப்பவர்களைக் கேட்க யாருமே இல்லையா?

பதில்: எளிதில் திறக்கும் பொதியமைப்புக்கென ஐஎஸ்ஓ 17480 என்ற பன்னாட்டுத் தரநிலை 2015இல் வெளியானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 43ஆம் பிரிவு, அனைவருக்கும் ஏற்ற நுகர்பொருட்களை ஊக்குவிக்கும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. இருப்பினும் கடைத்தட்டில் அதன் சுவடு அரிதே என்பது என் கருத்து. பொட்டலத்தில் நுகர்வோர் தொடர்பு எண்ணும் முகவரியும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. அதற்குப் பொருளின் பெயர், தொகுதி எண், மூடியா, உள்தாளா, எந்த இடத்தில் கை தோற்றது என்ற விவரங்களோடு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.