என் எஸ்.ஆரை அடுத்தவர் கேட்டால் கொடுத்துவிடுவார்களா?

கேள்வி: செங்கோட்டையில் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். ஆரியங்காவில் வசிக்கும் உறவினர் ஒருவருக்கும் எங்களுக்கும் தோப்பு வழக்கு நடக்கிறது. அவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் என் பணிப்பதிவேடு (எஸ்.ஆர்.), ஒழுங்கு நடவடிக்கைக்காக எனக்குத் தரப்பட்ட 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டிருக்கிறார். எனக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துள்ளது. கேரளத்தில் இருப்பவர் இப்படிக் கேட்கலாமா? எனக்கே காட்டாத எஸ்.ஆரை அவருக்குக் கொடுப்பார்களா?

பதில்: மாநில எல்லையிலுள்ள புளியரை சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அவருடைய உரிமை குறைந்துவிடாது, இந்தியக் குடிமகன் எவரும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் கேட்டதற்காகவே கொடுத்துவிட மாட்டார்கள்.

எஸ்.ஆரின் முதல் பக்கத்தை நினைத்துப் பாருங்கள்: பிறந்த தேதி, தகப்பனார் பெயர், அங்க அடையாளமாக ஒரு மச்சம், விரல் ரேகை. உள்ளே போனால் மருத்துவ விடுப்பு, வாரிசு நியமனம். தோப்பின் எல்லைக்கல்லுக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஓர் ஊழியருக்குத் தரப்பட்ட குறிப்பாணைகளும் தண்டனை ஆணைகளும் அவருக்கும் அவரைப் பணியமர்த்தியவருக்கும் இடைப்பட்டவை என்றும், பெரும் பொதுநலன் இருந்தாலன்றி அவற்றை வெளியிட வேண்டியதில்லை என்றும் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு விலக்களிக்கும் 8(1)(ஜெ) பிரிவு 2025 நவம்பரில் திருத்தப்பட்டு மேலும் இறுகிவிட்டது. எனினும் பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) அப்படியே நிற்கிறது.

ஆகவே பேசாமல் இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது 11-ஆவது பிரிவின்படியான மூன்றாம் நபர் அறிவிப்பு. அது கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கில் ஆதாயம் தேடவே இவை கேட்கப்படுகின்றன என்பதை நிதானமாக எழுதுங்கள். உறவினரைத் திட்டி எழுதுவது வீண். சம்பளத்தை மறைக்கவும் முனையாதீர்கள், ஊழியர்களின் மாத ஊதியத்தை அலுவலகமே வெளியிட வேண்டும் என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. இதையும் மீறித் தகவல் தர முடிவெடுத்தால், அந்த ஆணையின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம்.

உங்கள் எஸ்.ஆர். உங்களுக்கு ரகசியமல்ல. மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மந்தண (ரகசிய) அறிக்கையின் ஒவ்வொரு மதிப்பீட்டையும்கூட ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008-இலேயே தீர்ப்பாகிவிட்டது. பிரிவு எழுத்தர் மறுத்தால், அதே சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டி உங்கள் பதிவேட்டின் நகலை நீங்களே கேளுங்கள்.