தத்தளித்தவர்கள் நடுவே ஆழ்வெடி: கொலைதானா?

கேள்வி: 1944-இல் மாலத்தீவு அருகே ‘கேதிவ் இஸ்மாயில்’ என்ற கப்பல் மூழ்கியபோது, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று கடலில் தத்தளித்த தன் ஆட்கள் நடுவிலேயே குண்டு போட்டு 1,297 பேரைக் கொன்றது என்றும், தாக்கிய ஜப்பானிய நீர்மூழ்கி தப்பிவிட்டது என்றும் படித்தேன். எங்கள் ஊரில் பகையாளியே கடலில் விழுந்தாலும் வலையை அறுத்துவிட்டுப் போய்த் தூக்குவோம். இதைக் கொலை என்று எழுத உங்களுக்கு ஏன் துணிவில்லை?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: துணிவு இருக்கட்டும், முதலில் கணக்கைச் சரி செய்துகொள்வோம். 1,297 என்பது அந்தக் கப்பலோடு போன உயிர்களின் மொத்த எண்ணிக்கை. குண்டு போட்டதால் இறந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. 1944 பிப்ரவரி 12 அன்று பிற்பகலில் இரண்டு டார்பீடோக்கள் தாக்கிய பிறகு, 1,511 பேரைச் சுமந்திருந்த அந்தக் கப்பல் நீருக்கு மேலே நின்றது ஏறத்தாழ இரண்டே நிமிடம். அதில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர். செவிலியர்களும் கடற்படைப் பெண் பணியாளர்களும் இருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் கீழ்த்தளத்திலிருந்து ஏணிப்படி ஏறி மேலே வருவதற்கே நேரம் போதாது என்பதைக் கடலோரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தண்ணீரில் தத்தளிக்கும் நிலைக்கே வரவில்லை, கப்பலுக்குள்ளேயே போனார்கள். உயிரோடு மீண்டவர்கள் 208 ஆண்களும் 6 பெண்களும் மட்டுமே.

இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் கேட்பது நடந்ததுதான், அதை நான் மறுக்கவில்லை. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குத் துருப்புகளை ஏற்றிக்கொண்டு வரிசையாக வந்த ஐந்து கப்பல்களில் இது ஒன்று. இதைத் தாக்கிய ‘ஐ-27’ என்ற நீர்மூழ்கி விலகி ஓடாமல், மிதந்துகொண்டிருந்தவர்களுக்கு அடியிலேயே பதுங்கிக்கொண்டது. ‘பாலடின்’ என்ற நாசகாரிக் கப்பல் படகுகளை இறக்கி ஆட்களை மீட்க முற்பட்டிருக்க, ‘பெட்டார்ட்’ என்ற மற்றொரு நாசகாரி அவர்கள் இருந்த இடத்துக்குள்ளேயே விரைந்து சென்று ஆழ்வெடிகளை உருட்டிவிட்டது. ஆழ்வெடி என்பது பார்ப்பதற்கு ஒரு சிறிய தார் பீப்பாயைப் போன்றது. உள்ளே ஏறத்தாழ 130 கிலோ வெடிமருந்து இருக்கும். எத்தனை ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைத்திருப்பார்கள், நீரின் அழுத்தம் அந்த அளவுக்கு ஏறியதும் தானே வெடிக்கும். கழுத்தளவு நீரில் மிதப்பவனின் தோலில் ஒரு கீறல்கூட விழாது. ஆனால் நீர் வழியாக வரும் அதிர்ச்சி நுரையீரலையும் குடலையும் உள்ளேயே கிழித்துவிடும். பெட்டார்டின் மேல்தளத்தில் நின்றவர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர், அறிந்தேதான் செய்தார்கள்.

அப்படியானால் ஏன் செய்தார்கள்? எஞ்சிய நான்கு கப்பல்களிலும் துருப்புகள் நிறைந்திருந்தனர், நீர்மூழ்கியிடம் இன்னும் டார்பீடோக்கள் இருந்தன. நின்று தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கடற்படையிடம் முப்பது ஆண்டுப் பழைய அனுபவம் ஒன்று இருந்தது. 1914 செப்டம்பர் 22 அன்று ஹாலந்துக் கடற்கரைக்கு அப்பால் ‘அபூகிர்’ என்ற பிரிட்டிஷ் குரூசர் அடிபட்டபோது, கண்ணிவெடியில் மோதிவிட்டது என்று எண்ணி, உடன் வந்த ‘ஹோக்’, ‘கிரெசி’ என்ற இரு கப்பல்களும் அருகே வந்து ஆட்களைத் தூக்கப் படகுகளை இறக்கின. நீங்கள் சொல்கிற அதே மனிதத் தன்மைதான். அடித்தது கண்ணிவெடி அன்று, ‘யு-9’ என்ற ஒரே ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி; அசையாமல் நின்ற இரண்டையும் அது ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்களும் 1,459 உயிர்களும் போயின. மிஞ்சியவர்களைக் கரை சேர்த்தவை டச்சு வணிகக் கப்பல்களும் ஆங்கிலேய மீன்பிடிப் படகுகளும் என்பதை உங்கள் தொழிலின் பெருமைக்காகவும் சொல்லி வைக்கிறேன். நீர்மூழ்கி இருக்கும் கடலில் பெரிய போர்க்கப்பல்கள் மீட்புக்காக நிற்கக் கூடாது என்ற கட்டளை அந்தக் காலைக்குப் பிறகு பிறந்தது.

நீங்கள் வலையை அறுத்துவிட்டுப் போகும்போது உங்கள் வள்ளத்துக்கு அடியில் உங்களைக் கொல்லக் காத்திருப்பவன் எவனும் இல்லை. அந்த வேறுபாட்டைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருந்தது. 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, ஒவ்வொரு மோதலுக்கும் பிறகு, படைத் தேவைகள் இடம் கொடுக்கும் அளவுக்கு, கடலில் விழுந்தவர்களைத் தேட வேண்டும் என்றுதான் சொன்னது. படைத் தேவை என்ற அந்த வாசகம் எவ்வளவு பெரிய ஓட்டை என்று பட்டுத் தெரிந்த பிறகு, 1949-ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கையில் அதை எடுத்துவிட்டு, தாமதமின்றி, முடிந்த எல்லா வழிகளிலும் தேட வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் அதிலும் ‘மோதலுக்குப் பிறகு’ என்ற சொற்கள் இருக்கின்றன. பெட்டார்டைப் பொறுத்தவரை மோதல் அப்போது முடிந்திருக்கவில்லை. ஆகவே அதன் தளபதி ரூபர்ட் ஈகன் செய்ததைக் கொலை என்று நான் எழுத மாட்டேன்.

என் குற்றச்சாட்டு அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் மீது. ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிய ஐந்து கப்பல்களுக்குக் காவலாக அன்று இருந்தவை, நீர்மூழ்கி வேட்டைக்கு ஏற்றதல்லாத, 1919-இல் கட்டி முடிக்கப்பட்ட ‘ஹாக்கின்ஸ்’ என்ற குரூசரும் இரண்டே நாசகாரிகளும்தாம். ஒன்று நீர்மூழ்கியைத் துரத்தினால் மீட்புக்கு மிஞ்சுவது மற்றொன்று. அதுவும் துரத்தப் போய்விட்டால் யாரும் இல்லை. அட்லாண்டிக்குக்கும் மத்தியதரைக் கடலுக்கும் கொடுத்தது போக மிஞ்சியதுதான் இந்தியப் பெருங்கடலுக்கு என்ற பங்கீட்டை லண்டனில் மேசையில் அமர்ந்து முடிவு செய்தவர்கள் எவரும் அந்தப் பிற்பகலில் நனையவில்லை. மூன்று நாசகாரிகள் கூடுதலாக இருந்திருந்தால் ஈகனுக்கு அந்தக் கணக்கே வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

இதைப் பிரிட்டிஷ்காரர்களின் கதை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் நம்முடைய ‘குக்ரி’ என்ற போர்க்கப்பல் பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தபோது, உடன் வந்த ‘கிர்பான்’ அங்கே நிற்காமல் விலகிச் சென்றது. உயிர் பிழைத்தவர்கள் மறுநாள்தான் மீட்கப்பட்டார்கள். கப்பலோடு மூழ்கிய கேப்டன் முல்லாவுக்கு மகாவீர சக்கரம் கொடுத்தோம், அது தகும். ஆனால் எதிரி நீர்மூழ்கியின் சோனார் என்ற ஒலி உணர்கருவி நம்முடையதைவிட வெகு தொலைவில் கேட்கக்கூடியது என்று தெரிந்த கடலுக்கு அந்தக் கப்பல்களை அனுப்பிய முடிவைப் பற்றி நாம் பேசுவது குறைவு, விலகிச் சென்ற கப்பலைப் பற்றி முணுமுணுப்பது அதிகம். 1944-ஐப் பற்றிய உங்கள் கடிதத்திலும் அதே சாய்வைத்தான் காண்கிறேன்.

கடைசியாக, ஐ-27 தப்பிவிட்டது என்று எங்கே படித்தீர்களோ தெரியவில்லை. அது தப்பவில்லை. ஆழ்வெடிகளின் அதிர்ச்சி தாங்காமல் அது மேலே வந்தது. மோதி உடைக்கச் சென்ற பாலடினின் அடிப்பகுதியை நீர்மூழ்கியின் துடுப்புத் தகடு கிழித்துவிட, அந்தக் கப்பல் சண்டையிலிருந்து விலக வேண்டியதாயிற்று. பெட்டார்டின் பீரங்கிக் குண்டுகளால் அந்தத் தடித்த உடலைப் பிளக்க முடியவில்லை. பிறகு டார்பீடோக்களை ஒவ்வொன்றாக ஏவினார்கள். முதல் ஆறும் குறி தவறின, ஏழாவது பட்டது. ஏறத்தாழ நூறு பேரோடு ஐ-27 மூழ்கியபோது, முதல் டார்பீடோ பாய்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.