மரத்தை அறுக்க எந்த பிளேடு, ஆணியை அறுக்க எந்த பிளேடு?

கேள்வி: மன்னார்குடி பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறோம். பேட்டரியில் ஓடும் ரெசிப்ரோகேட்டிங் ஸா (பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மெஷின்) ஒன்று வாங்கினேன். கூடவே வாங்கிய ஐந்து பிளேடு செட்டில் மூன்று ஒரே நாளில் போய்விட்டன. ஒன்றில் பல் மழுங்கிவிட்டது, ஒன்றில் பல் கொட்டிவிட்டது, இன்னொன்று வளைந்துவிட்டது. பல் நுனியில் மிகக் கடினமான கார்பைடு வைத்த பிளேடு வாங்கச் சொல்கிறார்கள். விலை நாலைந்து மடங்கு. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் ஒன்று போதும். உங்கள் மூன்று பிளேடும் மூன்று விதமாகச் செத்திருக்கின்றன. கார்பைடு அதில் முதலாவதை மட்டும்தான் காப்பாற்றியிருக்கும்.

மழுங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. பல் ஓரத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மலிவு செட்டுகளில் 'எச்சிஎஸ்' என்று பொறித்திருக்கும், அதாவது ஹை கார்பன் ஸ்டீல். 200, 250 டிகிரியைத் தாண்டினாலே அது இளகத் தொடங்கிவிடும். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆணியில் உரசினால் பல் நுனிக்கு அந்தச் சூடு வர நேரமே ஆகாது. பை-மெட்டல் பிளேடில் முதுகு வளைந்து கொடுக்கும் எஃகு, பல் ஓரம் மட்டும் ஹைஸ்பீடு ஸ்டீல். இரண்டையும் வெல்டு செய்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பல் 600 டிகிரி வாக்கில்கூடத் தாங்கும். கார்பைடு அதையும் மிஞ்சும். கூரையில் பனங்கை இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பனைமரத்தில் சிலிக்கா உண்டு, மணலில் இருக்கும் அதே பொருள். ஆணியே இல்லாவிட்டாலும் அது பல்லைத் தின்றுவிடும்.

பல் கொட்டியது வேறு விஷயம், அது கணக்குப் பிழை. அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதை பிளேடின் மேல் 'டிபிஐ' என்று போட்டிருப்பார்கள். இரும்பை அறுக்கும்போது அதன் கனத்துக்குள் எந்நேரமும் மூன்று பல்லாவது நிற்பது நல்லது. 6 டிபிஐ பிளேடில் பல்லுக்குப் பல் 4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. ஜிஐ பைப்பின் சுவரோ இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அது இரண்டு பல்லுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த இழுப்பில் பல் பறந்துவிடும். பைப்புக்கு 18 அல்லது 24, ஜன்னல் கம்பிக்கு 14, வெறும் மரத்துக்கு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மரமும் ஆணியும் கலந்து வரும் இடத்துக்கு 6 முதல் 10 வரை. 'டெமாலிஷன்', அதாவது இடிப்பு வேலைக்கு, என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் இவைதான். கார்பைடு பல் கடினமானது, ஆனால் நொறுங்கும் குணமும் உள்ளது. பெரிய பல்லால் பைப்பை அறுக்கும் தவறைக் கார்பைடில் செய்தால் நாலைந்து மடங்கு காசு போகும்.

வளைந்த பிளேடை வீசிவிட வேண்டாம். சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் இன்னும் ஓடும். அது வளைய இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பிளேடின் கனம். 0.9 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டர் இரண்டையும் கையில் பிடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பக்கவாட்டில் வளையாமல் நிற்கும் பலம் தடித்ததில் ஐந்து மடங்குக்கு மேல். இன்னொரு காரணம், நீங்கள் பிடித்த விதம். மெஷினின் மூக்கில் ஒரு தகடு இருக்கிறதே, ஷூ என்பார்கள், அது அறுபடும் பொருளோடு ஒட்டி அழுந்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேடு அறுக்காது, பொருளைப் பிடித்து உலுக்கும். பிளேடின் நுனி பின்னால் உள்ள சுவரில் போய் இடித்தாலும் இதே கதிதான்.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. மூன்று அங்குலச் சட்டம் என்றால் 75 மில்லிமீட்டர், மெஷின் முன்னும் பின்னும் ஓடும் தூரம் சுமார் 30, ஆக 105. ஆறு அங்குல பிளேடு இழுத்துப் பிடித்துப் போதும், ஒன்பது வசதி. பன்னிரண்டு வாங்காதீர்கள், சாட்டை மாதிரி ஆடும். ஒன்பது அங்குல பிளேடிலும் ஷூவை ஒட்டிய நான்கு அங்குலம்தான் தேயும். அது மழுங்கியதும் பிளேடைத் தூக்கிப் போடாமல், ஷூவை முன்னால் தள்ளி வைக்க வசதி இருந்தால் தள்ளி, மெல்லிய மரத்துக்கு மிச்சப் பல்லைப் பயன்படுத்தலாம்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. மரத்தை எதற்கு அறுக்கிறீர்கள்? பழைய வீட்டில் காசு இருப்பதே நிலையிலும் உத்திரத்திலும் சட்டத்திலும்தான். பழைய மரம் எடுப்பவர் முழு நீளத்துக்குக் கொடுக்கும் விலையைத் துண்டுக்குக் கொடுக்க மாட்டார். அறுக்க வேண்டியது ஆணியை மட்டும். சட்டம் உத்திரத்தில் உட்காரும் இடத்தில் கடப்பாரையால் நெம்பி மூன்று, நான்கு மில்லிமீட்டர் சந்து உண்டாக்குங்கள். அதற்குள் மெல்லிய, வளைந்து கொடுக்கும் 10 அல்லது 14 டிபிஐ பை-மெட்டல் பிளேடை நுழைத்து ஆணியை மட்டும் துண்டியுங்கள். இங்கே தடித்த டெமாலிஷன் பிளேடு உதவாது, அது வளைந்து கொடுக்காது. அதாவது, உங்கள் செட்டில் வளைந்துபோன அந்த ஒல்லி ரகம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. ஓட்டையும் ரீப்பரையும் இறக்கிய பிறகு, சட்டத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

அந்த ஒற்றைக் கார்பைடைத் துருவேறிய பெரிய போல்ட்டுக்கும் வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்க்கும் ஒதுக்கி வையுங்கள். வார்ப்பிரும்பில் பை-மெட்டல் சீக்கிரம் மழுங்கும்.

இரும்பு எதுவானாலும் டிரிக்கரைப் பாதி அழுத்தினால் போதும். முழு வேகம் மரத்துக்கு. மெஷினில் ஆர்பிட்டல் சுவிட்ச் (பிளேடைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டி அறுக்க வைப்பது) இருந்தால் இரும்புக்கு அணைத்துவிடுங்கள், மரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். சுவரையும் கூரையையும் தொடுவதற்கு முன் மீட்டரிலிருந்தே கரண்டைத் துண்டித்துவிட வேண்டும். வீட்டுக்குள் மெயினை மட்டும் அணைத்துவிட்டு நம்பக் கூடாது.

கொல்லைப்புறத்தில் பழைய சிமெண்ட் ஷீட் கூரை இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். எந்த பிளேடாலும் அதை அறுக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஷீட்டைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, அதைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட்டின் நட்டை ஸ்பேனரால் கழற்றுங்கள். துருப்பிடித்துச் சுற்றவில்லை என்றால் ஷீட்டில் படாமல், கீழேயிருந்து கொக்கியை மட்டும் 14 டிபிஐ பிளேடால் மெதுவாக அறுத்து, ஷீட்டை உடைக்காமல் முழுசாக இறக்குங்கள்.