ஆறும் கானும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். உயர்தரம் முடித்துவிட்டேன். ஆறுகளைப் பாதுகாக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு என்ன படிக்கலாம்? எனக்குச் சிங்களம் சரளமாக வராது, அது தடையாகுமா? இதெல்லாம் சோறு போடாது, கொழும்புக்குப் போ என்கிறார் அப்பா. எங்கள் மக்களுக்கு விழிப்புணர்வே இல்லை ஐயா. பொலித்தீன், பாம்பஸ் எல்லாம் ஆற்றுக்குத்தான் போகிறது. முதலில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குப் போய் விழிப்புணர்வு ஊட்ட நினைக்கிறேன்.

கி., தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்புதான் நான் பிறந்த தோட்டத்துக்குப் போய்வந்தேன். நாங்கள் குளித்து வளர்ந்த பீலியில், மலைத் தண்ணீர் வந்து விழுகிற அந்தக் குழாயில், தண்ணீர் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. குடத்தை வைத்துவிட்டு ஒரு அக்கா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நிறைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "பிள்ளைக்குத் தலை பின்னிட்டு வந்தா சரியா இருக்கும்" என்றார். அதே நினைப்போடு இருந்தபோதுதான் உன் கடிதத்தைத் திறந்தேன்.

சிங்களம் படித்துக்கொள். கொத்மலை ஓயாவின் கரை நெடுக இருப்பவர்களோடு பேச முடியாமல் அந்த ஆற்றுக்கு நீ எதுவும் செய்ய முடியாது. பேராதனையில் விவசாயம், புவியியல் என்று மண்ணையும் நீரையும் தொடுகிற பாடம் எது கிடைத்தாலும் எடு. கொழும்பு விஷயத்தை உன் அப்பாவோடு நீயேதான் பேச வேண்டும்.

ஆனால் அந்தக் கடைசி வரிகளை விட எனக்கு மனமில்லை. "எங்கள் மக்களுக்கு விழிப்புணர்வே இல்லை." எங்கே படித்தாய் தம்பி இதை? யாரோ மேடையில் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வந்து, உன்னைப் பெற்றவர்கள் மேல் வைக்கிறாயே.

என் அப்பா கான் வெட்டினவர். கான் என்றால் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் போகிற வாய்க்கால். சரிவில் தண்ணீர் நேரே ஓடினால் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் மலைக்குக் குறுக்கே, லேசான சாய்வில் கான் எடுப்பார்கள். கானுக்குள் சில அடிக்கு ஒரு முறை மண்ணை வெட்டாமல் விட்டு, சின்னச் சின்ன அணை மாதிரி தடுப்பு வைப்பார்கள். தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, தடுப்புக்கு மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். நிற்கிற நேரத்தில் கொஞ்சம் மலைக்குள்ளே இறங்கும். பீலிக்கு வருவது அப்படி இறங்கின தண்ணீர்தான். மழை விட்டதும் அப்பா குழிகளில் சேர்ந்த மண்ணை வாரித் தேயிலைத் தூரில் போடுவார். பெருமழைக்கு மறுநாள் என்னை ஆற்றோரம் கூட்டிப்போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். "மேமலையில கான் அடைஞ்சிருக்கு" என்பார். நிறத்தை வைத்தே எந்த மலை மண் என்று அவருக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு நிறுத்தியவர்.

பிறகு எங்கள் தோட்டத்தில் கான் வேலைக்கு ஆள் போடுவதைக் குறைத்தார்கள். கொழுந்தெடுக்கவே ஆள் போதவில்லை என்றார்கள். அப்பா கேட்டுப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை. சில வருடத்தில் கான்கள் தூர்ந்தன. மழைக்காலத்தில் பீலியில் செம்மண் தண்ணீர், மாசி பங்குனியில் ஒன்றுமில்லை. அந்த மண் எங்கே போகும்? உங்கள் ஊரில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அணையைத் தினமும் பார்க்கிறாய் அல்லவா? மலையிலிருந்து கழுவிக்கொண்டு போவது இப்படியான அணைகளுக்குப் பின்னால்தான் படிகிறது. அதற்கும் கீழே மகாவலி. 335 கிலோமீட்டர் போய்த் திருகோணமலையில் கடலைச் சேருகிற ஆறு.

எங்கள் ஆட்கள் குற்றமே இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டியது எங்கள் பாட்டன் பூட்டன் கைகள்தான். வெட்டச் சொன்னது யார் என்பது வேறு கதை. 1873இலேயே, 5000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாதே என்று ஹூக்கர் என்கிற தாவரவியலாளர் ஆலோசனை சொன்னார். ஆற்றுக்குத் தலை காடுதான் என்று வெள்ளைக்கார அரசுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சரி, பாம்பஸுக்கு வருகிறேன். லயத்தில் இருக்கிற அம்மா அதை வேறு எங்கே போடுவார்? நகரத்தில் குப்பை அள்ள வாசலுக்கு டிராக்டர் வருகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்க வழி விடவில்லை. அதைத் திருத்தியது 2018இல். முப்பது வருடம் தம்பி! அந்த முப்பது வருடத்தில் ஒரு தலைமுறை குப்பையை ஓடையில் போட்டுப் பழகிவிட்டது. நீ போய் அவர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தால் அதுவும் அந்த ஓடைக்குத்தான் போகும். பிரதேச சபைக்குப் போ. எங்கள் தோட்டத்துக்கு டிராக்டர் எந்தக் கிழமை வரும் என்று எழுத்தில் கேள். பதில் வரும்வரை கேள். ஆற்று வேலையில் பாதி இப்படி வாசலில் நிற்பதுதான். அதற்குப் பொறுமை இல்லாவிட்டால் இப்போதே அப்பா சொல்லைக் கேட்டுவிடு.

கோபத்தில் எழுதிவிட்டேன். இந்த வயதில் ஆற்றைப் பற்றி யோசிக்கிற பிள்ளை எங்களுக்குக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் திட்டுகிறேன்.

இதை மட்டும் செய். ஒரு பத்து லீட்டர் வாளியோடு உங்கள் பீலிக்குப் போ. அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுது. மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரு வருடத்துக்கு. பீலிக்கு மேலே உள்ள மலையில் கான் இருக்கிறதா, தூர்ந்துவிட்டதா என்று நடந்து பார்த்து அதையும் எழுது. ஒவ்வொரு மாதமும் எனக்கு அனுப்பு. போகும்போது அப்பாவையும் கூட்டிப் போ. அவர் கான் வெட்டியிருக்கிறாரா என்று கேட்டு எழுது.