கோபத்தைக் கொட்டிவிட்டால் உடம்புக்கு நல்லதா?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்துவிடுகிறது. கத்தித் தீர்த்த பிறகுதான் அடங்குகிறது. அப்போது கை நடுங்குகிறது, தலை வலிக்கிறது, நெஞ்சு கொஞ்ச நேரம் கனமாக இருக்கிறது. மகள் என்னிடம் பேசவே தயங்குகிறாள். ‘கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளாதே, கொட்டிவிடு, அதுதான் உடம்புக்கு நல்லது’ என்கிறார் நண்பர். இது சரியா?

பதில்: நண்பரின் யோசனைக்குப் பிறகு வருகிறேன். நெஞ்சு கனக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்கு இதை வெறும் படபடப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி. எடுங்கள். ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருந்தும் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்பதால், மேற்கொண்டு சோதனை தேவையா என்றும் கேளுங்கள். கனம் சில நிமிடங்களில் குறையாமல் இருந்தாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கோபம் வந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. கை நடுங்குவதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவில் 280 ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பிரிவினர், தங்களைக் கோபப்படுத்திய நிகழ்ச்சியை 8 நிமிடம் நினைத்துப் பேசினார்கள். அவ்வளவுதான். அவர்களுடைய ரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் 40 நிமிடம் வரை குறைந்திருந்தது. பழைய ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை, கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் மற்ற நேரத்தைவிட ஏறத்தாழ 5 மடங்கு இருப்பதாகக் கணக்கிட்டது. ஒரு முறை கோபப்படுவதால் வரும் ஆபத்து சிறியதுதான். தினமும் கோபப்படுபவருக்கு, அதிலும் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு, அது சேர்ந்துகொண்டே போகிறது.

ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், இதய வலியால் அவதிப்பட்டவர். தன்னைச் சீண்டுகிற எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வாராம். 1793இல் மருத்துவமனைக் கூட்டம் ஒன்றில் வாக்குவாதம் முற்றியபோது அங்கேயே சரிந்து இறந்தார்.

இனி நண்பரின் யோசனை. குக்கரில் ஆவி வெளியேறுவதுபோலக் கோபமும் வெளியேறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கத்துவதும் தலையணையைக் குத்துவதும் கோபத்தைக் குறைப்பதில்லை, சில சமயம் வளர்க்கின்றன. கத்தியபின் உங்களுக்கு வருவது களைப்பு, அதை அமைதி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளேயே புழுங்குங்கள் என்றும் சொல்லமாட்டேன். மனத்துக்குள் அதையே அசைபோடுகிறவரின் ரத்த அழுத்தமும் எளிதில் இறங்காது.

முதலில் உடம்பை அமைதிப்படுத்துங்கள், பேச்சு பிறகு. ‘அரை மணி நேரம் கழித்துப் பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகருங்கள். சொல்லாமல் போனால் மற்றவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மெதுவாக மூச்சு விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். கோபமில்லாத நாட்களிலும் இதைப் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும். சண்டை முடிந்த கையோடு ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துப் பயந்து, கூடுதல் மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். சிலருக்கு அதனால் அழுத்தம் சடாரென்று இறங்கித் தலைசுற்றி விழுந்திருக்கிறார்கள்.

முன்பு இப்படி இல்லாமல் அண்மையில்தான் எரிச்சல் கூடியதென்றால், காரணத்தையும் தேட வேண்டும். தூக்கக் குறைவு, குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, தைராய்டு மிகைச் சுரப்பு, மது எல்லாம் கோபமாக வெளிப்படலாம். ஆண்களுக்கு மனச்சோர்வுகூட அழுகையாக வராமல் சிடுசிடுப்பாக வருவதுண்டு. மருத்துவரிடம் இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மகளிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ‘நான் கத்தியது தவறு, இனி எழுந்து வெளியே போய்விட்டு வருவேன்’ என்று சொல்லுங்கள். அவள் உடனே நம்பாமல் இருக்கலாம். சில மாதங்கள் நீங்கள் சொன்னபடி நடப்பதைப் பார்த்தால் நெருங்கி வருவாள். பொருளை வீசுவது, கை ஓங்குவது வரை போயிருந்தால், அந்தச் சில மாதங்கள்கூடக் காத்திருக்காமல் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். கோபத்தைக் கையாளும் பயிற்சி பலருக்கு நல்ல பலன் தருகிறது.